கதவு கடிக்குது தாத்தா!

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாமா?

உங்க ரூம்ல டிவி ஓடலைனா என்ன செய்வீங்க? ரிமோட்டைத் தட்டுவீங்க. டிவி மண்டையிலயும் ரெண்டு தட்டுவீங்க. கேபிள்காரருக்கு போன் போட்டு ஒரு பிடி பிடிப்பீங்க. படம் வர்ற வரைக்கும் விடவே மாட்டீங்க, இல்லையா? சரி, சார்ஜ்ல இருக்கிற லேப்டாப் மேல கை வைக்கும்போது லேசா 'சுர்'ருனு இருந்தா? "அது அப்படித்தான் மச்சி"னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீங்க. லேப்டாப்தான் ஓடுதே!

இந்த ரெண்டுல எதுக்கு முதல்ல கவலைப்படணும்? மூணு வருஷமா ட்ரிபிள் ஈ படிக்கிற எனக்கு இதுக்கு விடை கிடைச்சது காலேஜ் லேப்ல இல்ல. அமெரிக்காவுல, மிச்சிகன் மாகாணத்துல, சக்கரம் வெச்ச ஒரு வீட்டுக்குள்ள. பாடம் நடத்தினவர், எண்பது வயசை எட்டிப் பார்க்கிற எங்க தாத்தா!

சக்கரம் வெச்ச வீடு

அமெரிக்காவுல 'ஆர்.வி.'னு ஒரு வண்டி உண்டு. நம்ம ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏறி உட்கார்ந்துக்குவாரே ஒரு கேரவன், கிட்டத்தட்ட அதுதான். உள்ளேயே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம், டிவி எல்லாம் இருக்கும். நம்ம ஊர்ல அது நட்சத்திரங்களுக்கு. அங்கே ரிட்டயர் ஆன வாத்தியாரும் பஸ் டிரைவரும் கூட அதுல ஏறி நாடு முழுக்கச் சுத்துவாங்க.

டெட்ராய்ட்டைச் சுத்தி கார் கம்பெனிகள் நிறைய. அதனால நம்ம ஆட்களும் நிறைய. எங்க அத்தையும் மாமாவும் அங்கே நோவைங்கிற ஊர்ல இருக்காங்க. செமஸ்டர் லீவுக்கு நானும் பாளையங்கோட்டை தாத்தாவும் போயிருந்தோம். மாமா 28 அடி நீள வண்டி ஒண்ணை வாடகைக்கு எடுத்து, வடக்கே சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி மேக்கினா பாலத்துப் பக்கம் கூட்டிட்டுப் போனார். 1957-ல் திறந்த பாலம், 8 கிலோமீட்டர் நீளம். ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, இன்னொரு பக்கம் ஹூரான் ஏரி. ஏரினுதான் பேரு. நின்னு பார்த்தா திருச்செந்தூர் கடல் மாதிரி மறுகரையே தெரியாது!

இனி கொஞ்சம் டெக்னிக்கல். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

இந்த வண்டிக்குள்ள ரெண்டு மின்சாரம் ஓடும். ஒண்ணு 12 வோல்ட் டிசி. பேட்டரியில இருந்து வரும். லைட், தண்ணி பம்ப், ஆன்டெனா பூஸ்டர் எல்லாம் இதுல ஓடும். இன்னொண்ணு 120 வோல்ட் ஏசி. வண்டியை நிறுத்துற பார்க்ல ஆளுக்கொரு கரன்ட் பெட்டி வெச்சிருப்பாங்க. அதுல பெரிய ப்ளக்கைச் சொருகினா ஏசி மெஷின், மைக்ரோவேவ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஓடும். ரெண்டுக்கும் நடுவுல கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா. 120-ஐ வாங்கி 13.6 வோல்ட் வாக்குல மாத்தி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தும். அதனால வண்டியில 'கரன்ட் இல்ல'னு யாராவது சொன்னா, "எந்த கரன்ட்?"னுதான் முதல்ல கேட்கணும். லைட் எரிஞ்சு ஏசி ஓடலைனா பேட்டரி நல்லாருக்கு, வெளி சப்ளையில கோளாறு. ஏசி ஓடி லைட் மட்டும் மங்கினா கன்வெர்ட்டரைப் பாருங்க. ப்ளக் சொருகின பிறகும் பேட்டரியில மீட்டர் வெச்சா 12.6-க்கு மேல ஏறலையா? சார்ஜ் ஏறலைனு அர்த்தம்.

பிளக்கும் ரெண்டு சைஸ். சின்ன வண்டிக்கு 30 ஆம்ப். 120 பெருக்கல் 30, ஆக மொத்தம் 3,600 வாட். ஏசியும் மைக்ரோவேவும் வாட்டர் ஹீட்டரும் ஒரே நேரத்துல ஓடினா பிரேக்கர் 'டொப்'னு விழும். நம்ம ஹாஸ்டல்ல நாலு ரூம்ல ஒரே நேரத்துல கெட்டில் போட்டா ஃபீஸ் போகுமே, அதே கதைதான்.

வராத டிவி

நாங்க போய்ச் சேர்ந்தது ஜூலை மாசம் ஒரு சாயங்காலம். காலையில பெய்ஞ்ச மழையில புல்லெல்லாம் ஈரம். மேற்கே இன்னொரு கருமேகம் கட்டிக்கிட்டு நிக்குது. செல்போன்ல சிக்னல் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகுது. ராத்திரி புயல் மழை வருமா, கிளம்பணுமானு தெரிஞ்சுக்க ஒரே வழி டிவி. அந்த டிவியில ஒரு சேனல்கூட வரல! மாமா முகத்துல டென்ஷன். "நீதானே எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர், பாரு"னு என்கிட்ட தள்ளிட்டார். (இதுக்குத்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கக் கூடாதுங்கிறது!)

இந்த வண்டிகளோட கூரையில வௌவால் இறக்கை விரிச்ச மாதிரி ஒரு ஆன்டெனா படுத்திருக்கும். உள்ளே இருக்கிற கைப்பிடியைச் சுத்தினா எழுந்து நிக்கும். எழுந்த பிறகுதான் திசை திருப்பணும். படுத்திருக்கும்போதே திருப்பினா கியர் காலி.

சிக்னல் வர்ற வழியிலயே நடந்து பார்த்தேன். ஆன்டெனா நிமிர்ந்திருக்கா? நிமிர்ந்திருக்கு. அடுத்தது பூஸ்டர். டிவி பக்கத்துச் சுவர்ல ஒரு சின்ன பட்டன், பக்கத்துலயே குட்டி விளக்கு. இந்த பட்டனை அமுக்கினாத்தான் கேபிள் வழியாவே 12 வோல்ட் மேலே ஏறி, ஆன்டெனா தலையில இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். அணைச்சிருந்தா, டிவி பார்க்கோட கேபிள் லைனுக்கு மாறிடும், ஆன்டெனா சும்மா அழகுக்கு நிக்கும். விளக்கு எரியல. அமுக்கினேன், எரிஞ்சுது. ஆனா சேனல் தேடினா அப்பவும் பூஜ்யம்!

அடுத்தது டிவி மெனு. தேடுற இடம் 'கேபிள்'னு இருந்தது. 'ஏர்'னு மாத்தித் தேடினேன். மூணு சேனல் வந்துச்சு! புது ஊருக்குப் போனா ஒவ்வொரு தடவையும் இப்படிப் புதுசாத் தேடணும். பழைய ஊரோட லிஸ்ட் இங்கே செல்லாது.

இங்கேதான் தாத்தா என்ட்ரி. "ஏலே, மெதுவாத் திருப்பு"ன்னார். அவர் காலத்துல மொட்டை மாடியில ஒருத்தர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து "இப்போ தெரியுது... போச்சு... அங்கேயே நிறுத்து!"னு இன்னொருத்தர் கத்துவாராம். கொடைக்கானல் டவர் பக்கம் திருப்பினா தூர்தர்ஷன், இலங்கைப் பக்கம் திருப்பினா ரூபவாஹினி. அப்போ அனலாக் காலம். சிக்னல் குறைஞ்சா புள்ளி புள்ளியா மழை பெய்யும், ஆனாலும் ஆள் தெரியும். அமெரிக்காவுல பெரிய ஸ்டேஷன்கள் எல்லாம் 2009 ஜூன் 12-ம் தேதியோட அனலாக்கை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறிடுச்சு. டிஜிட்டல்ல நடுவாந்திரம் கிடையாது. வந்தா பளிங்கு மாதிரி வரும், இல்லைனா கறுப்புத் திரை. அதனால கொஞ்சம் திருப்பி, பத்து விநாடி பொறுத்து, மறுபடி கொஞ்சம் திருப்பணும். அப்படித் திருப்பித் திருப்பி ஒன்பது சேனல் பிடிச்சோம். வானிலை அறிக்கையில மேகம் வடக்கே ஒதுங்குதுன்னாங்க. அப்பாடா!

டிவியில எந்தப் பார்ட்டும் கெடலைங்கிறதை கவனிச்சீங்களா? ஒரு பட்டன், ஒரு மெனு, ஒரு திசை. அதுக்காகப் பெரியவங்க நாலு பேரும் முக்கால் மணி நேரம் அதையே சுத்திச் சுத்தி வந்தோம்.

கடிக்கிற கதவு

அந்த முக்கால் மணி நேரத்துல இன்னொண்ணும் நடந்தது. அத்தை பொண்ணுக்கு ஆறு வயசு. ஈரப் புல்லுல செருப்பில்லாம விளையாடிட்டு வந்தவ, கதவுக் கைப்பிடியைத் தொட்டுட்டு "கதவு என்னைக் கடிக்குது!"னா. யாரும் பெரிசா எடுத்துக்கல. "ஸ்டாட்டிக்தான், ஸ்வெட்டர் கழட்டும்போது வருமே அது"னு அத்தை சொல்லிட்டாங்க. ஏசி ஓடுது, லைட் எரியுது, ஃப்ரிட்ஜ் ஜில்லுனு இருக்கு. என்ன பிரச்னை இருக்கப் போகுது?

ரெண்டாவது தடவையும் அவ வந்து, "கதவு கடிக்குது தாத்தா!"னு சொன்னப்போ தாத்தா மட்டும் எழுந்தார்.

தாத்தா மின்வாரியத்துல வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். அமெரிக்காவுக்கும் செக்-இன் பெட்டியில டெஸ்டரை வெச்சுக் கொண்டு வந்திருந்தார்னா பார்த்துக்குங்க. "மழைக் காத்துல, ஈரத் தரையில ஸ்டாட்டிக் எங்கிருந்துவே வரும்?"னு கேட்டுக்கிட்டே ரப்பர் செருப்பை மாட்டிக்கிட்டு, கீழே நின்னு டெஸ்டரைக் கதவுல வெச்சார். உள்ளே விளக்கு மங்கலா எரிஞ்சுது. கைப்பிடியில வெச்சாலும் எரியுது. வண்டியோட பாடியில எங்கே வெச்சாலும் எரியுது!

மாமா, "இது அமெரிக்க சிஸ்டம் மாமா, நம்ம ஊர் டெஸ்டர் சரியா காட்டுமா?"னு இழுத்தார்.

"மாப்ள, கரன்ட்டுக்கு பாஸ்போர்ட், விசாவெல்லாம் கிடையாது. எர்த் வரலைன்னா எந்த ஊர்லயும் வரலைதான்"ன்னார் தாத்தா.

முதல் வேலையா புள்ளையை வண்டியை விட்டுத் தள்ளி ஒரு பெஞ்சுல உட்கார வெச்சார். ரெண்டாவது வேலையா பார்க்கோட கரன்ட் பெட்டியில பிரேக்கரை இறக்கினார். அதுக்கப்புறம்தான், "மீட்டரை எடுத்துட்டு வாடா"ன்னார்.

ரெண்டு கோளாறு, ஒரு ஷாக்

முதல்ல பார்க்கோட பெட்டி. தாத்தா பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல அளந்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 121 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் 121. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பூஜ்யம். பெட்டி பக்கா.

அடுத்தது வண்டிக்குள்ள இருக்கிற ப்ளக் பாயின்ட். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் அதே 121. ஆனா பேஸுக்கும் எர்த்துக்கும் 34. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 87! கூட்டிப் பாருங்க, 34-ம் 87-ம் 121. ஃபர்ஸ்ட் இயர்ல 'இதெல்லாம் எங்கே யூஸ் ஆகப் போகுது'னு கேட்டோமே வோல்டேஜ் டிவைடர், அதுதான் பாஸ் இது. எர்த் ஒயர் எங்கேயோ அறுந்து அந்தரத்துல தொங்குது. அந்த ஒயரோட சேர்ந்த வண்டி பாடி முழுக்க 87 வோல்ட்ல நிக்குது. கீழே டயர் ரப்பர், அதனால மண்ணுக்கும் இறங்க வழியில்ல. யாராவது ஈரக் காலோட வந்து தொட்டு வழி குடுக்கணும்.

ஆனா எர்த் அறுந்தா மட்டும் பாடிக்கு கரன்ட் வந்துடாதே? எங்கேயோ கசியவும் செய்யணும். தாத்தா வண்டிக்குள்ள பிரேக்கர்களை ஒவ்வொண்ணா இறக்கச் சொன்னார். ஏசி மெஷின் இறக்கியும் 87. மைக்ரோவேவ் இறக்கியும் 87. வாட்டர் ஹீட்டரை இறக்கினதும் மீட்டர் 9-க்கு விழுந்துச்சு. ஹீட்டரோட காயில்ல கசிவு!

அப்போ எர்த் எங்கே போச்சு? பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவுல தூரம் பத்தாம ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டிருந்தாங்க. வண்டியோடவே வந்த ஒயர். பார்க்கப் புதுசு மாதிரி பளபளனு இருந்தது. பிரேக்கரை இறக்கி, ரெண்டு முனையையும் கழட்டி, மீட்டரை பீப் சத்தத்துல வெச்சு ஒவ்வொரு பின்னா தொட்டேன். பேஸ், பீப். நியூட்ரல், பீப். எர்த், கப்சிப்.

இப்போ யோசிச்சுப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். எர்த் மட்டும் அறுந்திருந்தா யாருக்கும் தெரியாது, எல்லாம் ஓடும். ஹீட்டர் மட்டும் கசிஞ்சிருந்தாலும் தெரியாது, கசிவு எர்த் ஒயர்ல சத்தமில்லாம இறங்கிப் போயிடும், வெந்நீரும் வரும். தனித்தனியா ரெண்டும் ஊமைக் கோளாறு. ரெண்டும் சேர்ந்த அன்னிக்குத்தான் கதவு கடிக்கும்!

'30 ஆம்ப் பிரேக்கர் இருக்கே, விழாதா?'னு கேட்கிறீங்களா? விழாது. பிரேக்கர் காப்பாத்துறது ஒயரை, உங்களை இல்ல. ஈர உடம்போட ரெசிஸ்டன்ஸை 1,000 ஓம்னு வெச்சுக்குங்க. 120 வோல்ட் நேரா பாஞ்சா 120 மில்லி ஆம்ப். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். 30 ஆம்ப் பிரேக்கருக்கு அது கொசுக்கடி. ஆளைக் காப்பாத்துறது கசிவைக் கண்டுபிடிச்சு கட் பண்ற சாதனம்தான். அமெரிக்காவுல ஜிஎஃப்சிஐனு பாத்ரூம், கிச்சன் ப்ளக்குகளுக்கு வெச்சிருப்பாங்க, 5 மில்லி ஆம்ப் வாக்குலயே விழுந்துடும். நம்ம ஊர் வீடுகள்ல ஆர்சிசிபி, பெரும்பாலும் 30 மில்லி ஆம்ப். எங்க வண்டி ஹீட்டர் அந்தப் பாதுகாப்பு இல்லாத லைன்ல இருந்தது.

மாமா ஒரு ஐடியா குடுத்தார். "ஒரு இரும்புக் கம்பியை மண்ணுல அடிச்சு வண்டியோட கட்டிடலாமே?" கணக்குப் போட்டேன். நல்ல எர்த் கம்பிக்கே 25 ஓம் இருக்கலாம். 120 வகுத்தல் 25, வெறும் 4.8 ஆம்ப். முழு பேஸே பாடியில பட்டாலும் 30 ஆம்ப் பிரேக்கர் அசையாது, பாடி கரன்ட்டோடவே நிக்கும். எர்த்ங்கிறது மண்ணு மட்டும் இல்ல, கோளாறு கரன்ட் சப்ளைக்கே திரும்பிப் போற தாராளமான ஒரு பாதை. அந்தப் பாதை ஒயர்லதான் வரணும்.

கடைசியா என்ன செஞ்சோம்? வண்டியைப் பெட்டிக்குப் பக்கத்துல நகர்த்தி, எக்ஸ்டென்ஷன் இல்லாம வண்டியோட சொந்த ஒயரை நேரா சொருகினோம். ஹீட்டர் பிரேக்கரை மேலே தூக்கவே இல்ல. அந்த ஹீட்டர் கேஸ்லயும் ஓடும், அதுலயே வெந்நீர் போட்டுக்கிட்டோம். மறுபடி அளந்தா நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு வோல்ட்கூட இல்ல. டெஸ்டர் இருட்டு. அதுக்கப்புறம்தான் புள்ளையைக் கிட்டே விட்டார் தாத்தா. அந்த எக்ஸ்டென்ஷன் ஒயரோட முனையில ஒரு சிவப்புத் துணியைக் கட்டி ஓரமா வெச்சு, வண்டி ஓனருக்கும் தகவல் சொல்லச் சொன்னார். "அடுத்து வர்றவன் வீட்லயும் புள்ளை இருக்கும்லா!"

உங்க ரூமுக்கு வருவோம்

'நாங்க என்ன மிச்சிகன்லயா இருக்கோம்?'னு கேட்காதீங்க. ஹாஸ்டல் பக்கெட்ல தொங்குற வாட்டர் ஹீட்டர் ராடு, எர்த் பின் ஒடிஞ்ச அயர்ன் பாக்ஸ், மூணு பின்னை ரெண்டு பின்னா மாத்துற அடாப்டர். அதே ரெண்டு ஊமைக் கோளாறுங்க இங்கேயும் ஒண்ணை ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கு.

அதனால சில விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

எது 'சுர்'ருனாலும் 'அது அப்படித்தான்'னு விடாதீங்க. ரெண்டு பின் சார்ஜர்ல வர்ற லேசான சுர் பெரும்பாலும் சார்ஜருக்குள்ள இருக்கிற ஃபில்டரோட வேலை, அளவு ரொம்பக் குறைச்சல். ஆனா அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், ஃப்ரிட்ஜ், தண்ணிக் குழாய் சுர்ருனா சுவிட்சை அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. கையால தொட்டு டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற வீரமெல்லாம் வேண்டாம். கரன்ட்ல மீட்டர் வைக்கிறதும் பழகினவங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும்தான்.

ஃபீஸ் போனா அதே ஆம்ப்லதான் புதுசு போடணும். 15 போன இடத்துல 30 போட்டா அடுத்து எரியப் போறது ஒயர்.

கோளாறு தேடும்போது சப்ளை வர்ற வழியிலயே நடங்க. எது வரைக்கும் சரியா வருது, எங்கே இருந்து வரல? அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் வில்லன் இருப்பான்.

வீட்லயோ ஹாஸ்டல்லயோ ஆர்சிசிபி இருந்தா, அதுல 'டெஸ்ட்'னு ஒரு பட்டன் இருக்கும். அமுக்கிப் பாருங்க. விழலைனா அது வெறும் பொம்மை, மாத்தச் சொல்லுங்க.

வேலை செய்யாத பொருள் தன்னால சத்தம் போட்டு நம்மளைக் கூப்பிடும். வேலை செஞ்சுக்கிட்டே ஆபத்தா இருக்கிற பொருள் அப்படிக் கூப்பிடாது. அன்னிக்கு அது ஒரு ஆறு வயசுப் புள்ளையோட விரல் வழியாத்தான் சொல்லுச்சு. 87 வோல்ட்ல அவ தப்பிச்சது அதிர்ஷ்டம். அதுக்கு மேல எதுவும் இல்ல.

இதைப் படிச்சு முடிச்சதும் உங்க ரூம்ல இருக்கிற அயர்ன் பாக்ஸ் ப்ளக்கை ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க. மேலே ஒரு பெரிய பின், கீழே ரெண்டு சின்ன பின். பெரிசு பத்திரமா இருக்கா?